கண்ணுக்குள் பூஞ்சைத் தொற்று: நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

சென்னையில் ஒருவருக்குக் கண் சிவந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "மெட்ராஸ் ஐயா?" என்பதே. இந்நகரின் பழைய பெயரைத் தாங்கிய அந்நோய் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு விரைந்து பரவுவது. பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வாரங்களில் தானே தணிந்துவிடுவது. அடிக்கடி வந்துபோகும் இந்நோயால் நம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. கண் சிவந்தால் தெருமுனை மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்கிறோம். சென்ற ஆண்டு வீட்டில் வேறொருவருக்கு எழுதித்தந்த மருந்து மீதமிருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான நேரங்களில் இதனால் பெருங்கேடு நேர்வதில்லை. எஞ்சிய சில நேரங்களில் நேரும் கேட்டைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம்.

கண்ணுக்குள் ஏற்படும் பூஞ்சைத் தொற்று அரிதானது. அரிதானது என்பதாலேயே நோயாளிகளும் குடும்பத்தாரும் அதைப் பற்றி முன்னரே கேள்விப்பட்டிருப்பதில்லை. 'பூஞ்சை' என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுவதையும் கண்டிருக்கிறோம். கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணையும் தோலில் வரும் படர்தாமரையையும் நினைத்துக்கொண்டு, களிம்பு பூசினால் போய்விடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். தோலில் அது உண்மையாக இருக்கலாம். கண்ணுக்குள் அவ்வாறன்று.

உள்விழியின் இயல்பு

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் மேல் பொருத்திய கண்ணாடி போல அமைந்திருப்பது கருவிழி. அதன் பின்னே லென்ஸ் உள்ளது. லென்ஸுக்குப் பின்னால் உள்ள பெரிய வெற்றிடத்தை 'விட்ரியஸ்' எனப்படும் தெளிந்த கூழ்மம் நிரப்பியிருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 4 மில்லி லிட்டர்தான். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கூழ்மத்துக்கு அப்பால் கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரையே விழித்திரை. நாம் காண்பதெல்லாம் அத்திரையின் வழியாகவே மூளைக்குச் செல்கிறது.

இந்தக் கூழ்மத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஒளி தடையின்றிச் செல்வதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. ஆனால் தொற்று நுழைந்துவிட்டால் அதுவே பாதகமாகிறது. நோயை எதிர்க்கும் இரத்த அணுக்கள் அங்கே எளிதில் சென்று சேர்வதில்லை. இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையே இயற்கையாக உள்ள தடுப்பினால், வாய்வழியாகவும் நரம்பு வழியாகவும் தரும் பல மருந்துகள் போதிய அளவில் உள்ளே நுழைவதில்லை. கண்ணின் மேல் விடும் சொட்டு மருந்தும் அவ்வளவு ஆழம் போவதில்லை. பூஞ்சையோ அங்கே சிறு வெண்பஞ்சுருண்டைகளைப் போல மெல்ல வளரத் தொடங்குகிறது. விழித்திரையின் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதால், இந்நோயில் ஒவ்வொரு வாரத் தாமதமும் பார்வையில் கணக்காகிறது.

கருவிழிப் புண்ணிலிருந்து உள்ளே

பூஞ்சை கண்ணுக்குள் நுழையும் வழிகளுள் நம் மாநிலத்தில் நன்கு அறியப்பட்டது கருவிழிப் புண். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். கிருமி வளர்த்துக் கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பாக்டீரியாவும், ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பூஞ்சையும் காரணமாக இருந்தன. குளிர்நாட்டு மருத்துவ நூல்களைப் படித்து வந்தவர்களுக்கு இது வியப்பளித்திருக்கும். அங்கே பூஞ்சையால் வரும் கருவிழிப் புண் மிகக் குறைவு. இங்கே முதலிடம் பெற்றது மண்ணிலும் பயிரிலும் வாழும் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை, அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். மூவரில் இருவருக்குக் கண்ணில் ஏதேனும் பட்ட வரலாறு இருந்தது. நெற்கதிர், கரும்புத் தோகை, மாட்டு வால், மரத்துகள் போன்றவற்றால் நேரும் சிறு கீறலே இதற்குப் போதும்.

இது கிராமத்து நோய், நமக்கு ஏன் என்று அடையாற்றிலோ தியாகராய நகரிலோ வாழ்பவர்கள் எண்ணலாகாது. மாடித் தோட்டத்தில் கொடியை வெட்டும்போது தெறிக்கும் கிளை, தென்னை மட்டையை இழுக்கும்போது கண்ணில் உரசும் ஓலை நுனி, மெட்ரோ பணிகள் நடக்கும் சாலைகளில் தலைக்கவசக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செல்பவர் கண்ணில் விழும் தூசு ஆகியவை அதே வேலையைச் செய்யும். கான்டாக்ட் லென்ஸ் அணிந்தபடியே உறங்குபவர்களுக்கும், அதைக் குழாய் நீரில் கழுவுபவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கண்ணில் துரும்பு விழுந்தால் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது, விளக்கெண்ணெய் தடவுவது, புடைவைத் தலைப்பின் நுனியால் எடுப்பது ஆகிய வழக்கங்கள் நம் வீடுகளில் இன்றும் உள்ளன. அன்பினால் செய்யப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கீறிய கருவிழியில் இவை கிருமியைக் கொண்டு சேர்க்கக்கூடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். தூய நீரால் கண்ணைக் கழுவிவிட்டு, உறுத்தல் மறுநாளும் நீடித்தால் மருத்துவரைக் காண்பதே முறை.

பூஞ்சைக்கு ஒரு தனித்திறன் உண்டு. கருவிழியின் உட்புறத்தில் ஓர் உறுதியான மென்படலம் இருக்கிறது. பாக்டீரியாக்களால் அதனை ஊடுருவிச் செல்வது அரிது. கருவிழி பொத்துப்போனால்தான் பெரும்பாலும் அவை உள்ளே புகும். பூஞ்சையின் இழைகளோ, வேர் சுவரில் இறங்குவதுபோல, பொத்துப்போகாத கருவிழியையும் துளைத்து உள்ளே இறங்கிவிடும். கருவிழிக்குப் பின்னே அடியில் வெண்மையாகச் சீழ் தேங்குவதைக் கண்ணாடியில் பார்த்து நோயாளிகளே சில நேரம் கண்டுபிடிக்கிறார்கள். அதன்பின் தொற்று லென்ஸைச் சூழ்ந்து கூழ்மத்தை எட்டுவதற்கு அதிக நாளாகாது.

கருவிழி அளவில் நோய் நிற்கும்போதே சிகிச்சை தொடங்கினால் நல்ல வாய்ப்பு உண்டு. அரவிந்த் மருத்துவமனையின் பங்கேற்புடன் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் 323 நோயாளிகளுக்கு நாட்டாமைசின், வோரிகோனசோல் என்னும் இரு சொட்டு மருந்துகள் ஒப்பிடப்பட்டன. பழைய மருந்தான நாட்டாமைசினே, குறிப்பாக ஃபியூசேரியம் தொற்றில், மேலானது என்று தெரியவந்தது. புதிய மருந்து, விலைகூடிய மருந்து என்பதற்காக அதுவே சிறந்ததாகிவிடாது என்பதற்கு இதனை அவ்வப்போது நாங்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் நாட்டாமைசின் கருவிழியைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. உட்புறம் பரவிவிட்ட நோய்க்கு அது போதாது.

அறுவைக்குப் பின் மூன்றாம் வாரத்தில்

இரண்டாவது வழி, அறுவை சிகிச்சையோ காயமோ திறந்துவிட்ட வாயில். அச்சமூட்டுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கண்புரை அறுவைக்குப் பின் உள்விழித் தொற்று எந்தக் கிருமியாலும் பொதுவாக ஆயிரத்தில் ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோதான் வருகிறது. ஆனால் அவ்வாறு வந்தவற்றுள், கிருமி கண்டறியப்பட்டவர்களில், ஏறத்தாழ ஆறில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை பூஞ்சையால் பாதிக்கப்பட்டிருந்தனர் என்று 1990-களின் ஹைதராபாத், சென்னை ஆய்வுகள் காட்டின.

இங்கே ஒரு நோயாளியை எண்ணிப் பார்ப்போம். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்லர். பலரிடம் கண்டதைச் சேர்த்து நாங்களே உருவாக்கிய ஒருவர். மயிலாப்பூரில், லஸ் முனைக்கு அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்; வயது அறுபத்தாறு; பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. வலக்கண்ணில் புரை அறுவை நன்றாகவே நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தேதியை எட்ட நின்றே படித்தார். மூன்றாம் வாரத்தில் கண் இலேசாகச் சிவந்தது. காலையில் எழுந்ததும் மெல்லிய பனி மூடியதுபோல இருந்தது. வலி என்று சொல்லும்படி ஏதுமில்லை. அறுவைக்குப் பின் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து குப்பியில் மீதமிருந்தது. அதனை நாளொன்றுக்கு நான்கு முறை விட்டார். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. நிறுத்தினார், ஒரு வாரத்தில் மீண்டும் சிவந்தது. மறுபடியும் விட்டார். இம்முறையும் குறைந்தது, ஆனால் முன்போல முழுதாக அன்று. இப்படி மூன்று முறை. மகன் வேலைக்காக வெளியூரில் இருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். ஏழாம் வாரத்தில் மருத்துவமனைக்கு வந்தபோது, முகத்துக்கு நேரே காட்டிய விரல்களை எண்ணுமளவுக்கே அக்கண்ணில் பார்வை எஞ்சியிருந்தது.

இந்தக் கதையில் ஏமாற்றியது ஸ்டீராய்டு மருந்து. அது கண்ணின் அழற்சியைத் தணிக்கும். சிவப்பும் கூச்சமும் குறையும். நோயாளிக்கு நலமாகிவருவதாகவே தோன்றும். பூஞ்சையை அது சிறிதும் தொடுவதில்லை. மாறாக, பூஞ்சையை எதிர்த்துக்கொண்டிருந்த உடலின் தற்காப்பையே தளர்த்திவிடுகிறது. அறுவைக்குப் பின் மருத்துவர் அளவிட்டுத் தந்த ஸ்டீராய்டு மருந்து தேவையான மருந்துதான். அதை அஞ்சி நிறுத்திவிட வேண்டாம். குறித்த நாட்கள் முடிந்தபின் நாமே மீண்டும் தொடங்குவதுதான் தவறு. மருந்துக் கடையில் 'கண் சிவப்புக்கு' என்று கேட்டால் கிடைப்பவற்றிலும் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. குப்பியின் மேல் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்னும் பெயர்களுள் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு என்று அறிக.

பாக்டீரியாவால் வரும் உள்விழித் தொற்று பெரும்பாலும் அறுவை நடந்த முதல் வாரத்திலேயே கடும் வலியுடன் வெளிப்படும். அன்றிரவே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடிவரச் செய்யும். பூஞ்சை வாரக்கணக்கில் காத்திருந்து, வலியின்றி, விட்டுவிட்டு வரும். ஆகவே "வலி இல்லையே, திங்கட்கிழமை பார்த்துக்கொள்வோம்" என்னும் ஆறுதல் இந்நோயில் செல்லாது.

இரத்தத்தின் வழியாக

மூன்றாவது வழியில் கண்ணில் காயமோ அறுவையோ எதுவும் இருப்பதில்லை. உடலில் வேறெங்கோ தொடங்கிய தொற்று இரத்தத்தின் வழியாகக் கண்ணை அடைகிறது. நம் குடலிலும் தோலிலும் இயல்பாகவே வாழும் கேண்டிடா என்னும் பூஞ்சை இதற்கு முதன்மைக் காரணம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருந்தவர்கள், கழுத்திலோ மார்பிலோ பெரிய நரம்பில் குழாய் வைத்திருந்தவர்கள், நரம்பு வழியாகவே உணவு பெற்றவர்கள், வயிற்றிலும் சிறுநீர்ப் பாதையிலும் அறுவை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் வலிமையான நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பெற்றவர்கள், புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுக்குப் பின்னோ இருப்பவர்கள் ஆகியோருக்கு இது வரலாம். சர்க்கரை நோய் இவ்வாபத்தை மிகுவிக்கிறது.

இந்நோயாளிகளின் துயரம் என்னவெனில், நோய் தொடங்கும்போது அவர்கள் மயக்க மருந்தின் பிடியிலோ, பேசும் நிலையில் இல்லாமலோ இருப்பார்கள். தேறி எழுந்தபின், "கண் முன்னே பூச்சி பறக்கிறது", "எல்லாம் புகைபோல இருக்கிறது" என்று மெல்லச் சொல்வார்கள். குடும்பத்தாரோ, பிழைத்து வந்ததே பெரிது என்ற மனநிலையில், "பலவீனம்தான், சத்தாகச் சாப்பிட்டால் சரியாகும், கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்" என்று ஆறுதல் கூறிவிடுகிறார்கள். அதனால் இழந்த வாரங்களைப் பின்னர் நினைத்து வருந்துபவர்கள் பலர். பெரிய நோயிலிருந்து தேறியவர் பார்வையைப் பற்றி ஒரு சொல் கூறினாலும், கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். இரு கண்களிலும் நோய் இருக்கக்கூடும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அசதி என்றாலும், காய்ச்சல் என்றாலும், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வரும்" என்று சிறு மருத்துவ நிலையங்களை நாடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மாசுபட்டதாகக் கருதப்பட்ட குளுக்கோஸ் நீரை ஒரே ஒரு முறை ஏற்றிக்கொண்டபின், வேறு நோய் ஏதுமில்லாதவர்களுக்குக் கண்ணுக்குள் பூஞ்சைத் தொற்று வந்ததை 2000-ஆம் ஆண்டில் சண்டிகர் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். வாயால் நீரும் கஞ்சியும் அருந்தக்கூடியவருக்கு நரம்பு வழியாக நீர் ஏற்றுவதில் பயன் இல்லை. ஆபத்து சிறிதே ஆயினும், பயனில்லாத ஒன்றுக்காக அதனை ஏற்பானேன் என்பதே எங்கள் கருத்து.

கருப்புப் பூஞ்சை வேறு

2021-ஆம் ஆண்டு கோடைக்குப் பின் 'பூஞ்சை' என்றாலே மக்கள் நினைவுக்கு வருவது கருப்புப் பூஞ்சை. கொரோனா இரண்டாம் அலையின்போது பரவலாகக் கண்ட இந்நோயை, அவ்வாண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் இறுதிக்குள் நாடு முழுவதும் 40,845 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 3,129 பேர் இறந்ததாகவும் மத்திய அரசு தெரிவித்தது. பாதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்டீராய்டு பெற்றிருந்தனர்.

நாம் இதுவரை பேசிய நோயும் இதுவும் ஒன்றல்ல. கருப்புப் பூஞ்சை மூக்கிலும் அதனை ஒட்டிய காற்றறைகளிலும் தொடங்கி, கண்ணைச் சுற்றியுள்ள குழிக்குள் நுழைகிறது. இரத்தக் குழாய்களை அடைத்துவிடுவதால் பார்வை திடீரென மணிக்கணக்கில் போய்விடலாம், மூளைக்கும் பரவலாம். முகத்தில் ஒரு பக்கம் வலி அல்லது மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, இமை தொங்குதல், கண் பிதுங்குதல், இரட்டையாகத் தெரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவருக்கு இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கொரோனா தணிந்துவிட்டது, அந்நோய் முற்றிலும் போய்விடவில்லை.

ஏன் கண்ணிலிருந்து நீர் எடுக்கிறோம்

உள்விழித் தொற்று என ஐயம் எழுந்தால், கண்ணுக்குள்ளிருந்து சில துளி நீரையோ கூழ்மத்தையோ எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். "கெட்டுப்போன கண்ணில் இன்னும் ஊசி குத்துவதா?" என்று குடும்பத்தார் கலங்குவது இயல்பு. ஆனால் பாக்டீரியாவுக்கான மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எது என்று அறியாமல் மருந்திடுவது இருட்டில் கல்லெறிவதாகும். கண் மரத்துப்போகச் செய்த பின்னரே இது செய்யப்படுகிறது.

எடுத்த துளியை உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் சில நேரம் பூஞ்சை இழைகள் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் வளர்த்துப் பார்க்க வேண்டும். பூஞ்சை மெல்ல வளர்வதால் நாட்கள், ஏன் வாரங்களும் ஆகலாம். இந்தக் காத்திருப்பைக் குறைப்பதில் நம் நகரத்துக்கே ஒரு பங்கு உண்டு. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள், பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கண்ணின் நீர்மத்தில் செய்து பார்த்து, 2001-இல் அதனை வெளியிட்டனர். வளர்த்துக் கண்டறிய சராசரியாகப் பத்து நாட்கள் பிடித்த இடத்தில் இச்சோதனை 24 மணி நேரத்தில் விடை தந்தது. கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான அதே பி.சி.ஆர்.தான் இது.

சிகிச்சையும் அதன் எல்லையும்

மருந்து நேராகக் கண்ணுக்குள் செலுத்தப்படுகிறது. ஆம்போடெரிசின் பி என்றால் வழக்கமான அளவு 5 மைக்ரோகிராம். ஒரு கிராமை இரண்டு இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. விழித்திரைக்கு அம்மருந்தே நஞ்சாகக்கூடும் என்பதால் இவ்வளவு நுண்ணிய அளவு. வோரிகோனசோல் என்றால் கண்ணுக்குள்ளிருந்து விரைவில் வெளியேறிவிடும். ஆகவே மீண்டும் மீண்டும் ஊசி தேவைப்படும். இரண்டாம் ஊசி என்றதும் முதல் ஊசி பலிக்கவில்லை என்று பொருள்கொள்ள வேண்டாம்.

பெரும்பாலானோருக்கு விட்ரெக்டமி என்னும் அறுவையும் தேவைப்படுகிறது. தொற்றுண்ட கூழ்மத்தை வெட்டி உறிஞ்சி வெளியேற்றுவது அது. சிலருக்குப் புரை அறுவையில் வைத்த செயற்கை லென்ஸையும் எடுக்க நேரும். பூஞ்சை லென்ஸைச் சுற்றியுள்ள பையில் ஒளிந்துகொள்வதே காரணம். செலவு செய்து வைத்த லென்ஸை எடுப்பதா என்ற வருத்தத்தை நாங்கள் அறிவோம். கண் தேறியபின் வேறு லென்ஸுக்கோ கண்ணாடிக்கோ வழி உண்டு.

இவற்றோடு மாத்திரைகளும் உண்டு. பொதுவாகக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரங்கள். வோரிகோனசோல் மாத்திரையை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ உட்கொள்ள வேண்டும். உட்கொண்ட சிறிது நேரத்தில் வெளிச்சம் மிகுந்தோ நிறம் மாறியோ தெரியலாம். அது நோய் முற்றியதன் அடையாளம் அன்று, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும்; ஆகவே குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். கல்லீரலுக்கான இரத்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. இரத்தம் உறையாதிருக்கவும், கொழுப்பைக் குறைக்கவும், சர்க்கரைக்கும் உண்ணும் சில மாத்திரைகளோடு இது மோதும். எனவே வீட்டில் உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, எங்களிடம் காட்டுங்கள்.

இனி, குடும்பத்தார் கேட்கத் தயங்கும் பகுதி. பூஞ்சை முழுதும் அழிந்த பின்னும் பார்வை திரும்பாமல் போகலாம். விழித்திரையின் நடுப்பகுதியில் தழும்பு விழுந்திருந்தால் கண் தூய்மையாக இருக்கும், ஆனால் எழுத்துத் தெரியாது. கூழ்மத்தில் உருவான நார்கள் விழித்திரையை இழுத்துச் சுவரிலிருந்து பிரித்துவிடலாம். அதற்கு மற்றுமொரு அறுவை வேண்டும், அதுவும் எப்போதும் வெல்வதில்லை. சிலருக்குக் கண் நீர் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கிறது. சிலருக்கு எதிர்மாறாக அழுத்தம் தாழ்ந்து, மாதங்கள் செல்லச் செல்லக் கண்ணே சுருங்கிப்போகிறது. தொற்று கட்டுக்கடங்காமல் கண்ணின் சுவரையே கரைக்கத் தொடங்கி, பார்வையும் முற்றிலும் போய், தாங்கவொண்ணா வலி மட்டும் எஞ்சும் நிலையில், கண்ணின் உட்பகுதிகளையோ முழுக்கண்ணையோ அகற்றுமாறு சொல்ல நேரிடும்.

அந்த நாளில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். பிள்ளைகள் தனியே அழைத்து, "அப்பாவிடம் சொல்லாதீர்கள்" என்பார்கள். நோயாளியோ பெரும்பாலும் முன்னரே உணர்ந்திருப்பார். கண் அவருடையது, கையொப்பமிட வேண்டியவரும், தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தால், அவரே. ஆகவே அவரை உடன் வைத்துக்கொண்டே பேசுகிறோம். உயிருக்கோ தாங்கொணா வலிக்கோ உடனடி நெருக்கடி இல்லையெனில், ஓரிரு நாள் எண்ணிப் பார்க்கவும், வேறொரு விழித்திரை மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1819-இல் இராயப்பேட்டையில் தொடங்கி இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையிலும் நீங்கள் காட்டலாம். அதற்கு வேண்டிய அறிக்கைகளைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். அகற்றிய பின் காயம் ஆறச் சில வாரங்கள் ஆகும். அதன்பின் மற்றக் கண்ணின் நிறத்துக்கு ஏற்பச் செயற்கைக் கண் பொருத்தப்படும். ஒற்றைக் கண்ணோடு படிக்கலாம், சமைக்கலாம், கோயிலுக்குப் போகலாம். படியிறங்குவதிலும் தேநீர் ஊற்றுவதிலும் தொலைவைக் கணிக்கச் சில மாதங்கள் தடுமாற்றம் இருக்கும்.

வீட்டில்

இந்நோய் மெட்ராஸ் ஐ போன்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. தனிப் படுக்கையோ தனிப் பாத்திரமோ தேவையில்லை. பேரப்பிள்ளைகளை அருகே விடலாம். மருந்து விடும் முன் கையைச் சோப்பினால் கழுவுங்கள். குப்பியின் முனை இமையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்து ஒரு மாதம் கடந்த குப்பியை எறிந்துவிடுங்கள். மருத்துவர் சொல்லும்வரை தலைக்குக் குளிப்பதும், பூச்செடிகளுக்கு மண் கிளறுவதும் வேண்டாம். நெற்றியில் இடும் திருநீறும் குங்குமமும் கண்ணில் உதிராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குனித் திருவிழாக் கூட்டத்துக்கு இவ்வாண்டு போகாவிட்டாலும் கபாலீசுவரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒவ்வொரு நாளும் காலையில், நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, பாதிக்கப்பட்ட கண்ணால் மட்டும் சுவர் நாட்காட்டியைப் பாருங்கள். நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாவிட்டால், முன்பதிவு நாளுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள். வரும்போது கண்ணில் விட்ட எல்லாக் குப்பிகளையும், கடையில் தாமே வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அவற்றைக் காட்டுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது தெரிந்தால்தான் எங்களால் சரியான சிகிச்சையை விரைவாகத் தொடங்க முடியும்.